நாலேகாலுக்கு இருட்டும் ஊர், ஏழேகாலுக்கு விடியும் ஊர்

செவ்வாய், திப்ருகர் (அசாம்)

மாலை நாலு இருபது. அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நவம்பர் கடைசி, சூரியன் 4:16-க்கே இறங்கிவிட்டது. இந்நேரம் சென்னையில் பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் வீடு திரும்பிக்கொண்டிருப்பார்கள். குஜராத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் புஜ் நகரில் மதியத் தூக்கம் முடித்த கடைக்காரர்கள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருப்பார்கள். மூன்று ஊருக்கும் கடிகாரம் ஒன்றுதான்.

அந்தக் கடிகாரத்துக்காகத்தான் இந்தப் பயணம். திப்ருகர் ஏறக்குறைய 94.9 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, புஜ் 69.7-ல். பூமி ஒரு டிகிரி சுழல நான்கு நிமிடம் ஆகும். கணக்குப் போட்டால், திப்ருகரில் சூரியன் உச்சிக்கு வந்த பிறகு புஜ்ஜில் அது உச்சிக்கு வர 101 நிமிடம் வேண்டும். ஐரோப்பாவாக இருந்தால் நடுவில் ஒன்றிரண்டு தடவை கடிகாரத்தைத் திருகியிருப்போம். இங்கே கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். அப்படியானால் அந்த 101 நிமிடம் எங்கே போகிறது, அதை யார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கோயம்புத்தூரில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி வந்தேன். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் நடுவே 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி, நாட்டிலேயே நீண்ட தூர ரயில். வங்காளம் தாண்டியதும் ஒன்றைக் கவனித்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு ஆர்டர் எடுக்க வந்தவர் வழக்கமான நேரத்துக்குத்தான் வந்தார். ஆனால் எங்கள் பெட்டியில் பாதிப்பேர் அதற்குள் போர்வையை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. நம் நாட்டு நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சென்னை 80.3-ல் இருக்கிறது, வித்தியாசம் ஒன்பது நிமிடம். கடிகாரமும் சூரியனும் ஒத்துப்போவதுதான் இயற்கை என்று நாம் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

புதன், திப்ருகர்

நேற்றிரவு தொலைபேசியில் பேசிய பெரியவர், ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், "காலை ஏழு மணிக்கு வாங்க, பாகான் டைம்" என்றார். பாகான் டைம் என்றால் தோட்ட நேரம். நாட்டு நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவது. ஆகவே ஆறு மணிக்குப் போய் நின்றேன். சூரியன் 5:40-க்குள் வந்துவிட்டிருந்தது, பனி மட்டும் தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தது.

பெரியவரின் கைக்கடிகாரம் ஏழு காட்டியது, சட்டைப் பையில் இருந்த கைப்பேசி ஆறு காட்டியது. கைப்பேசி தானாகவே நாட்டு நேரத்துக்குப் போய்விடுகிறது, அதைத் தோட்ட நேரத்தில் பிடித்து வைப்பது தொல்லை. அதனால் இங்கே கைக்கடிகாரத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்துவிட்டு மனத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறார்கள். ரயிலுக்கும் வங்கிக்கும் கையில் இருப்பதில் ஒன்றைக் கழிப்பேன் என்றார் பெரியவர்.

நூற்றைம்பது வருடத்துக்கு மேலான வழக்கம் இது. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் தொடங்கியது. இதைத் தொழிலாளர் மேல் இருந்த கருணை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஜூனில் இங்கே நாலேகாலுக்கே விடிந்துவிடும். எட்டு மணிக்கு வேலை தொடங்கினால் நாலு மணி நேர வெளிச்சம் வீண், கொழுந்து பறிக்க வெளிச்சம் வேண்டும். முதலாளியின் லாபக் கணக்கும் சூரியனும் ஒத்துப்போன அபூர்வமான இடம், அவ்வளவுதான். பிற்பாடு 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இந்த மாதிரி உள்ளூர் நேரத்துக்கு இடம் கொடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், பாகான் டைம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. பக்கத்து மியான்மர் நாட்டின் நேரமும் சரியாக அதேதான். அதாவது தோட்டத்துச் சைரன் ரங்கூன் கடிகாரத்தோடு ஒலிக்கிறது, தோட்ட வாசலுக்கு வெளியே இருக்கும் தபால் நிலையம் டெல்லியோடு ஓடுகிறது.

சைரன் அடித்ததும் பெண்கள் வரிசையாக நிரையில் இறங்கினார்கள். சீசன் முடியும் நேரம் என்பதால் கொழுந்து குறைவு. இவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் இன்றைய ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். தங்களுக்குள் பேசுவது சாத்ரி மொழி. வால்பாறையில் நாம் லைன் வீடு என்பதை இங்கே லேபர் லைன் என்கிறார்கள். கங்காணிக்கு இங்கே சர்தார். மற்றபடி கூடை முதுகில் தொங்கும் விதம், நிறுவை நேரத்தில் முகத்தில் தெரியும் சந்தேகம் எல்லாம் அங்கே பார்த்ததுதான்.

பெரியவர் மொழிபெயர்க்க, ஒரு அக்காவிடம் கேட்டேன்: இரண்டு நேரம் குழப்பமாக இல்லையா?

"எனக்கு ஒரே நேரம்தான், சைரன் நேரம். பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது மட்டும்தான் இன்னொன்று. அங்கே எவ்வளவு சீக்கிரம் போனாலும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்."

தோட்டத்து மூன்று மணி, அதாவது நாட்டு நேரம் இரண்டு, ஆனபோது வெயிலில் சாயங்காலக் களை வந்துவிட்டது. சூரியக் கணக்கில் இப்போது இரண்டு மணிக்கே மூன்று தாண்டிவிடுகிறது, ஆகவே பாகான் கடிகாரம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரியவர் வீட்டில் லால் சா கொடுத்தார்கள். பால் இல்லாத, செம்பு நிறத் தேநீர். இவ்வளவு தேயிலை விளையும் ஊரில் பால் சேர்த்து அதை மறைக்க மனம் வராது போல.

வியாழன், திப்ருகர்

காலை ஐந்து மணிக்கு நடக்கப் போனால் தெருவில் நான் தனி ஆள் இல்லை. வாசல் கூட்டுகிறார்கள், காய்கறி வண்டி போகிறது. பிரம்மபுத்திராவின் கரையில் நீண்ட அணை, அதன் மேல் நடைப்பயிற்சிக் கூட்டம். இரவு ஏழுக்கெல்லாம் சந்தடி அடங்கிவிடுகிறது. சிடுசிடுப்பு இல்லாத ஊர். வழி கேட்டால் "தாதா" (அண்ணா) என்று கூப்பிட்டுக் கூடவே ஐம்பது அடி நடந்து வந்து காட்டுகிறார்கள்.

அந்த அணைக்கு ஒரு கதை உண்டு. 1950 ஆகஸ்ட் 15, மாலை ஏழரை தாண்டிய நேரம். சுதந்திர தினக் கொண்டாட்டம் முடிந்து, நன்றாக இருட்டியிருந்தது. 8.6 அளவில் நிலநடுக்கம். மையம் வடகிழக்கு மலைகளில், திபெத் எல்லையை ஒட்டி. மலைச்சரிவுகள் உடைந்து மண்ணும் பாறையும் ஆற்றில் கொட்ட, பிரம்மபுத்திராவின் படுகையே உயர்ந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆறு திப்ருகரின் பழைய பகுதிகளைக் கரைத்துத் தின்றது. அதற்குப் பிறகு கட்டியதுதான் இந்த அணை. ஊரின் பழைய கடைவீதி இருந்த இடம் என்று ஒருவர் கை காட்டிய திசையில் தண்ணீர்தான் ஓடுகிறது.

இங்கே அரசியல் பேசினால் நேரத்தைப் பற்றிய பேச்சும் வந்துவிடும். அசாம் முழுவதற்கும் தோட்ட நேரத்தைக் கொண்டுவர வேண்டும் என்று 2014-ல் அன்றைய முதல்வர் தருண் கோகோய் அறிவித்தார். நடக்கவில்லை. தனி நேரம் கேட்டுப் போடப்பட்ட பொதுநல வழக்கை 2017-ல் குவஹாட்டி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டில் அருணாசல முதல்வர் பெமா காண்டு, நாங்கள் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறோம், அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கிறது, பகல் வீணாகிறது என்று புலம்பினார். டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் இன்னும் நேராகச் சொன்னார்: "குளிர்காலத்தில் சாயங்காலம் நாங்கள் விளையாடுவது பல்பு வெளிச்சத்தில்தான். கரண்ட் பில் யார் கட்டுவது?"

இன்று மாலை ரயில்.

வெள்ளி, ரயிலில்

பகலில் அலிப்பூர்துவார் பக்கம் கடந்தோம். ஜன்னலில் பார்க்க ஒன்றும் விசேஷமில்லை, நெல் அறுத்த வயல், பாக்கு மரம். ஆனால் நேரக் கோடு போட வேண்டுமென்றால் அது இங்கேதான் விழும். தேசிய இயற்பியல் ஆய்வகம், நாட்டின் நேரத்தைக் கணக்கு வைத்துச் சொல்லும் அமைப்பு, 2018-ல் ஒரு யோசனை வெளியிட்டது. மற்ற மாநிலங்களுக்கு இப்போதுள்ள நேரமே இருக்கட்டும், வடகிழக்குக்கும் அந்தமானுக்கும் ஒரு மணி நேரம் முன்னால் இன்னொன்று. எல்லைக்கோடு 89 டிகிரி 52 நிமிடம், அசாமும் மேற்கு வங்கமும் ஒட்டும் இடம். அங்கே நிலப்பரப்பு ஒடுங்கிக் கழுத்து மாதிரி இருப்பதால் நேரம் மாறும் ரயில் நிலையங்கள் மிகக் குறைவாக இருக்கும், விபத்து பயம் வேண்டாம் என்பது அவர்கள் வாதம்.

வாதம் சரிதான். அரசுதான் ஏற்கவில்லை. எனக்கும் முழு மனதில்லை. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் யாராவது ஒரு மணி நேரத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டால் என்று யோசித்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அதைவிட, வடகிழக்கு ஏற்கெனவே தன்னைத் தனியாகப் பார்க்கிறார்கள் என்று வருத்தப்படும் பகுதி. கடிகாரமும் தனி என்றால் அது எப்படிப் பொருள்படும் என்று அங்கேயே இரண்டு கருத்து இருக்கிறது.

சனி, மிர்சாபூர் (உத்தரப் பிரதேசம்)

நம் எல்லோருடைய கடிகாரத்துக்கும் அடிப்படையான கோடு இந்த ஊருக்குப் பக்கத்தில், விந்தியாசல் ஓரமாகப் போகிறது. கங்கைக்கரை, கம்பளம் நெய்யும் ஊர், விந்தியவாசினி கோயில். இதே கோடு தெற்கே இறங்கி ஆந்திராவில் காக்கிநாடா அருகே கடலில் இறங்குகிறது.

கோட்டின் மேல் நின்றால் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது சூரியன் தலைக்கு நேர் தெற்கே இருக்க வேண்டும். இன்று அது 11:49-க்கே உச்சிக்கு வந்துவிட்டது. பூமியின் பாதை வட்டமாக இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் நவம்பர் கடைசியில் சூரியன் பதினோரு நிமிடம் முந்துகிறது, பிப்ரவரியில் பதினான்கு நிமிடம் பிந்துகிறது. கோட்டின் மேல் குடியிருப்பவனுக்கே சூரியன் ஒழுங்காக நேரம் காட்டாது என்றால் திப்ருகர்க்காரர்கள் யாரிடம் போய்க் குறைப்பட?

இந்த நேரம் வந்தது 1906 ஜனவரி 1-ல். அதற்கு முன் கல்கத்தாவுக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒன்று. ரயில்வே ஓடியது மெட்ராஸ் டைமில். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானியல் ஆய்வகத்தின் நேரம் அது. கல்கத்தாவுக்கு முப்பத்துமூன்று நிமிடம் பின்னாலும் பம்பாய்க்கு முப்பது நிமிடம் முன்னாலும் இருந்ததால், நடுவில் கிடந்த மெட்ராஸ் எல்லோருக்கும் வசதிப்பட்டது. ஆகப் பல வருடம் லாகூர் ரயிலும் நுங்கம்பாக்கத்துக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்பியது. புது நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரை பழசை விடவில்லை, பம்பாய் அதையும் தாண்டி 1955 வரை இழுத்தது. ஒரே நாடு ஒரே நேரம் என்பது நம் தாத்தா காலத்திலும் முழுசாக நடக்கவில்லை.

இரவு மேற்கே வண்டி.

திங்கள், புஜ்

அகமதாபாத்தில் மாறி, சாயங்காலம் வந்து சேர்ந்தேன். ஆறு மணிக்கு வெயில் அடிக்கிறது. நேற்று என்ன நடந்தது என்று எழுத ஒன்றுமில்லை. மேல் படுக்கை, மோசமான டீ.

செவ்வாய், புஜ்

ஆறரைக்கு வெளியே வந்தேன், நட்ட நடு இரவு மாதிரி இருட்டு. தெரு விளக்கும் நாய்களும் மட்டும். சூரியன் 7:16-க்கு வந்தது, டீக்கடை அதற்கும் பிறகு. திப்ருகரில் அந்நேரம் மக்கள் காலைச் சாப்பாடு முடித்து வேலையில் இருந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு விட்டுப்போனது. இரண்டு ஊருக்கும் உச்சிப்பொழுதில் வித்தியாசம் 101 நிமிடம் என்றேன். ஆனால் இந்தப் பருவத்தில் விடிவதில் ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம்தான் வித்தியாசம், அடைவதில் ஒரு மணி ஐம்பது. திப்ருகர் வடக்கே தள்ளி இருப்பதால் அங்கே குளிர்காலப் பகல் குட்டை. சாயங்காலத்தில்தான் அடி பலமாக விழுகிறது.

பதினொன்றுக்கு ஊர் முழுசாக விழித்தது. ஒரு மணிக்கு மூட ஆரம்பித்தது. துணிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடைகள் சில, எல்லாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மோர் குடித்து, படுத்து, நாலு மணிவாக்கில் திரும்பி வருகின்றன. அவசரமாக ஒரு சார்ஜர் வயர் வாங்கப் போனவனுக்குப் பூட்டுதான் கிடைத்தது. சோம்பேறித்தனம் என்று முதலில் தோன்றும். புஜ் இருக்கும் கட்ச் பகுதியின் கோடை வெயிலை யோசித்துப் பார்த்தால் இது புத்திசாலித்தனம். இங்கே சூரியக் கணக்கில் ஒரு மணி என்பது கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. கடை மூடியிருக்கும் நேரம்தான் அசலான உச்சி வெயில்.

மூடிய நேரத்தை இரவில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒன்பதரைக்கு ஹமீர்சர் ஏரிக்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். தபேலி வண்டிகளைச் சுற்றிக் கூட்டம். உருளைக்கிழங்கு மசாலாவைப் பன்னுக்குள் அடைத்து, மாதுளை முத்தும் கடலையும் தூவித் தருவது. பக்கத்து மாண்ட்வியில் பிறந்த பண்டம். டீயை "அட்தி" என்று கேட்டால் பாதி தருகிறார்கள், சாசரில் ஊற்றி உறிஞ்ச வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் பால், கூடவே இஞ்சி. அசாமின் சிடிசி எனப்படும் குருணைத் தேயிலையை நிறைய வாங்குவது குஜராத் வியாபாரிகள்தான். புதன்கிழமை நான் பார்த்த கூடையிலிருந்து புறப்படும் சரக்கு இங்கே இப்படி முடிகிறது. லால் சா குடித்த பெரியவர் இதைப் பார்த்தால் என்ன சொல்லுவாரோ.

இந்த ஏரி நிரம்பி வழிந்தால் ஊருக்கு விடுமுறை விடும் வழக்கமும் உண்டு. மழை குறைந்த பூமி, அதற்கேற்ற நாட்காட்டி.

பத்து மணிக்கும் ஏரிக்கரையில் சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஏழரைப் பள்ளிக்கு இவர்களை எப்படி எழுப்புவார்கள்? பொருளாதார ஆய்வாளர் மௌலிக் ஜக்னானி இதைத்தான் ஆராய்ந்தார். சூரியன் தாமதமாக அடையும் இடங்களில் பிள்ளைகள் தாமதமாகத் தூங்குகிறார்கள், ஆனால் பள்ளி மணி அதற்காகத் தள்ளிப்போவதில்லை, தூக்கம் குறைகிறது, படிப்பிலும் அது தெரிகிறது, ஏழை வீடுகளில் கூடுதலாக. ஆக ஒற்றைக் கடிகாரத்தால் கிழக்கு மட்டும்தான் கஷ்டப்படுகிறது என்று நான் நினைத்து வந்தது பாதிதான் சரி. கிழக்கில் வெளிச்சம் போகிறது, மேற்கில் தூக்கம் போகிறது. கிழக்கின் புகார் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மேற்கின் புகாரை யாரும் எழுப்பியதாகவே தெரியவில்லை, தூக்கம் கெட்டவர்கள் பிள்ளைகள் என்பதால் இருக்கலாம்.

புதன், புஜ்

காலையில் ஆயினா மகால். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்ச் அரசர் ராவ் லக்பத்ஜிக்காக ராம்சிங் மாலம் கட்டிய கண்ணாடி அரண்மனை. மாலம் கட்ச்சின் மாலுமி மரபில் வந்தவர், ஹாலந்து போய்க் கண்ணாடி, ஓடு, கடிகாரம் செய்யும் வேலைகளைக் கற்று வந்தவர். கடலோடிகளின் ஊரில் கடிகாரக்காரர் பிறந்தது பொருத்தம்தான். மஸ்கட்டிலும் சான்சிபாரிலும் கடை போட்ட கட்ச் வணிகர்கள் அப்போதிலிருந்தே வேறு நேரங்களோடு பழகியவர்கள். இன்றும் எதிரே இருக்கும் மளிகைக்காரர், ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும் மஸ்கட் அண்ணனோடு பேசத் தோதாகவே இரவுக் கடையை நீட்டுகிறார். கராச்சியும் இங்கிருந்து பெரிய தூரமில்லை, அதன் கடிகாரம் அரை மணி நேரம் பின்னால். புஜ் சூரியனுக்கு நம் கடிகாரத்தைவிட அது பக்கம்.

அரண்மனையின் ஒரு பகுதி 2001 நிலநடுக்கத்தில் இடிந்தது. ஜனவரி 26, காலை 8:46. அந்தப் பருவத்தில் இங்கே ஏழரைக்குத்தான் விடியும், அதனால் 8:46 என்பது இவர்களுக்குப் பொழுது விடிந்த சற்று நேரம். பலர் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். பிள்ளைகள் குடியரசு தின ஊர்வலத்தில். புஜியோ குன்றின் மேல் 2022-ல் திறந்த ஸ்மிருதிவனத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தடுப்பணைச் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வரும் இடங்களில் படிப்பதை நிறுத்திவிட்டேன். திப்ருகருக்குச் சுதந்திர தினம், புஜ்ஜுக்குக் குடியரசு தினம். கொடி ஏற்றும் நாளில் இரண்டு ஊர்களிலும் வயதானவர்களுக்கு வேறு ஞாபகமும் வருகிறது.

மாலையில் சால்வை வாங்கிய கடையில் பேச்சுக் கொடுத்தேன். நாட்டைப் பிரிக்காமல், மொத்த நாட்டின் கடிகாரத்தையும் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டால் போதும் என்று பெங்களூரின் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த சென்குப்தா, அஹுஜா இருவரும் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்கால விளக்குச் செலவில் ஆண்டுக்கு 270 கோடி யூனிட் மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் மதிப்பீடு. எனக்குப் பிடித்த யோசனையும் இதுதான். ரயில் குழம்பாது, கோடு போட வேண்டாம். ஒரே சங்கடம், ஜனவரியில் புஜ்ஜில் எட்டு மணிக்குத்தான் விடியும்.

"பாய், எட்டு மணிக்கு விடிந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சால்வையை மடிப்பதை நிறுத்தவில்லை. "கடையை அரை மணி நேரம் லேட்டாகத் திறப்போம்."

"மதியம்?"

"அதுவும் அரை மணி தள்ளி. தூக்கத்தில் மட்டும் கை வைக்க மாட்டோம்."